கதவைச் சாத்திய பின் வந்த வலி

1929, ஆவணி, செவ்வாய் இரவு

ஆம்பூரில் ஒரு தோல் தொழிலாளியின் மனைவிக்குத் தலைப்பிரசவம். நான் போய்ச் சேர்ந்தபோது, அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த வலி நின்றுபோயிருந்தது. பிரசவம் சுலபமாகட்டும் என்று பெட்டி, கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பயந்து கூசிய உடம்பு வலியை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். நான் கதவைச் சாத்தினேன்.

"இன்னா நர்சம்மா, கதவ சாத்தினா வயிறு எப்டி தொறக்கும்?" என்று மாமியார் கத்தினாள்.

பையில் இருந்த, வலியைத் தூண்டும் ஊசி மருந்தைத் தொடவில்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வலி தானே திரும்பியது. மாலையில் பெண் குழந்தை பிறந்தது.

உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. போன மாதம் குடியாத்தத்தில் ஒரு பெண்ணுக்கும் இப்படித்தான் வலி நின்றது. அவசரப்பட்டு ஊசி போட்டேன். கருப்பை கிழிந்து அவள் இறந்துபோனாள்.

அங்கேயும் கதவு திறந்துதான் கிடந்தது.