பொடி விழாத மாவு

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் எழுந்து நடமாடும் அளவுக்கு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூடத்து மின்விசிறி மறுபடியும் முனகுகிறது, எலக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்துவிட்டு "சார், இதோட சுபாவமே இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முட்டிவலி. அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள். அண்ணன் உன்னிடம் போனில் "கலைஞ்சிடுச்சு" என்று மட்டும் சொன்னானாம். அது தானாகக் கலையவில்லை, கலைக்கவேண்டி வந்தது. ஸ்கேனில் குழந்தைக்குக் கை இருந்தது, கால் இருந்தது, இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது, மண்டையோட்டின் மேல்பாகமும் அதற்குள் இருக்கவேண்டிய மூளையும் மட்டும் உருவாகவில்லை. ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்றான் அண்ணன். வீட்டில் யாரும் அழவில்லை. அம்மா ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தாள், அவை அழுக்காகவே இல்லை.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கருவில் முதலில் மெல்லிய ஏடு மாதிரி ஒன்று உண்டாகி, அதன் இரண்டு ஓரமும் மடங்கி ஒட்டிக்கொண்டு ஒரு குழல் ஆகுமாம். மேல்முனை மூளை, மீதி தண்டுவடம். கரு தங்கிய முதல் மாதத்திலேயே, பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே சரியாக உறைக்காத நேரத்தில், இந்த வேலை முடிந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் தாயின் ரத்தத்தில் ஃபோலேட் என்கிற சத்து போதாமல் இருந்தால் குழல் மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. அண்ணி அந்தச் சத்துக்கான ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட்டாள், ஆனால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறகு. அதற்குள் குழல் மூடவேண்டிய நேரம் போய்விட்டிருந்தது. அம்மா விடவில்லை, "கீரையும் பருப்பும் ஆக்கித்தானே போட்டேன், பட்டினியா போட்டேன்?" என்றாள். டாக்டரம்மா பொறுமையாக, "சாப்பாட்டுல வர்றது பல பேருக்குப் பத்தறதில்லம்மா, அதனாலதான் மாவுலயே கலக்கறாங்க, கடை மாவுதானே வாங்கறீங்க?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

நம் வீட்டில் கடை மாவு நுழைந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஊருக்குப் போகும் மாவில் அந்தச் சத்துப்பொடி சீராக விழுகிறதா என்று பார்ப்பதுதான் மில்லில் என் பிரிவின் வேலை, அதில் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. ஊழியர் மாவை மட்டும் பொடி விழும் இடத்துக்கு முன்னாலேயே தனியாகப் பிடித்துக் கொடுக்கிறார்கள். இது சங்கம் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய உரிமை. "நாம அரைச்ச மாவ நாம மருந்து கலக்காம திங்கக் கூடாதா?" என்று தலைவர் கேட்டபோது விழுந்த கைதட்டல் வாசல்வரை கேட்டது. நிர்வாகம் தோற்றுப்போன முகத்தோடு கையெழுத்துப் போட்டது. அந்த மாவுதான் காரணம் என்று சொல்ல முடியாது, எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டரம்மா. அதையும் தலைவரிடம் மறைக்காமல் சொல்லி, ஊழியர் மாவிலும் பொடியைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, "அண்ணே, அனுதாபத் தீர்மானம் போட்டுடலாம், ஆனா மாவுங்கறது நம்ம உரிமைப் பிரச்சினை" என்றார். போட்டார்கள். எழுந்து நின்று மௌனமும் காத்தார்கள், யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, அண்ணி மாடிப்படி ஏறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார். அவர் மருமகள் பிரசவ நாள்வரை ஏறி இறங்கி நல்லபடியாகப் பெற்றது அவருக்கு ஞாபகமில்லை.

அடுத்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருப்பதாக நீ அம்மாவிடம் சொன்னாயாம். நல்லது. மாத்திரையை இப்போதே ஆரம்பி, உறுதியான பிறகு போடலாம் என்று இருக்காதே. நீ போனமுறை பெட்டியில் கொண்டுபோன ஊழியர் மாவில் விஷமில்லை, சாப்பிடு, ஆனால் சத்துக்கு அதை நம்பாதே. அங்கே டாக்டரிடம் அண்ணிக்கு நடந்ததைச் சொல், எவ்வளவு போடவேண்டும் என்று அவர் சொல்லட்டும். அண்ணிக்கு இனி முன்கூட்டியே, கூடுதல் அளவில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை அட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை.

இதையெல்லாம் ஒரு தகப்பன் மகளுக்கு எழுதலாமா என்று நானும் யோசித்தேன். நேற்று அண்ணி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மாமா, அவகிட்ட முழுசா சொல்லிடுங்க, எங்கிட்ட யாரும் முன்னாடியே சொல்லல" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் தானாகப் பேசியது அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் ஆரோக்கியமாக, சண்டை போட்டாலும் ஒரே வீட்டில் போட்டுக்கொண்டு நெடுநாள் வாழவேண்டும். மாத்திரையை மறக்காதே. ஆரம்பித்ததும் எனக்கு எழுதவேண்டாம், அண்ணிக்கு எழுது.

உன் அப்பா