மரை வழியே ஏறிய எண்ணெய்

என் அன்புக்கு,

இல்லை, வேன் இன்ஜினின் ஹெட்டில் விரிசல் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ தூங்க வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் போல்ட்டுகளை நானே மாற்றிய பிறகு, வேனைக் கிளப்பும்போதெல்லாம் ஒரு நட்டின் அடியில் எண்ணெய் கசிந்தது. விரிசல் என்றால் வண்டியை விற்றுவிடலாம் என்றாய். சரி என்றேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் என் வேலையும் அதோடு போய்விடும் என்பதை இருவருமே பேசவில்லை.

இன்று மெக்கானிக் அக்கா வந்து அந்த ஸ்டட்டைக் கழற்றி, அதன் திருகு மரையைப் பார்த்தாள்.

"மரைக்குக் கசிவடைக்கிற பசை தடவினியா?"

"நல்லாத் துடைச்சு, பளபளன்னு மாட்டினேன்க்கா."

"அது என்ன நகையாடி, பளபளன்னு மாட்ட? இந்த ஓட்டை எண்ணெய் ஓடுற பாதைக்குள்ள போகுது. பசை இல்லேன்னா எண்ணெய் மரையைப் பிடிச்சே மேல ஏறி வந்துடும்."

பசை தடவி முடுக்கினோம். காய்ந்ததும் வண்டியை வெகுநேரம் ஓடவிட்டோம். நட்டைச் சுற்றித் தடவினேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் சிரிப்பதாகத்தான் நினைத்தேன். அக்கா தன் துணியை நீட்டினாள்.

"கண்ணைத் துடை. கிரீஸ் இல்லாத பக்கமா."

அவள் போனதும், நாளை காலை வருவேன் என்று பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன்.

உன்
வேன்காரி