கூட்ரோடு பேனரை இறக்கிவிட்டேன்

பிள்ளைப்பாக்கம்
ஐப்பசி 20, வியாழக்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, உன் அண்ணன் ஜெகதீஷ் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் போனில் சொல்வதுபோல் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை. வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைப் பேச எனக்குத் தைரியம் வராது, அதனால்தான் எழுதி, ஜெகதீஷ் கல்யாணப் பத்திரிகை புரூஃபோடு கூரியரில் அனுப்புகிறேன். இங்கே நாலு நாளாக விடாத மழை, அம்மாவுக்கு முட்டி வலி கூடியிருக்கிறது, ஆனாலும் யார் சொன்னாலும் உட்காருவதில்லை. நான் பழையபடி கம்பெனி பஸ் ஓட்டுகிறேன், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றிக் கம்பெனி கேட்டில் இறக்குகிறேன்.

உன்னோடு இன்ஜினியரிங் படித்த காவேரி என் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள். நம் கூட்ரோட்டில் சண்முகசுந்தரம் மாமாவின் பஞ்சர் கடை மேல் கட்டிய பேனர் வந்தால் நான் பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவாக்குவேன், ஒன்றரை வருஷமாக இதுதான் வழக்கம். கறுப்பு கவுன் போட்ட உன் போட்டோ, கீழே ‘எங்கள் ஊரின் முதல் டாக்டர்’, அதற்கும் கீழே வட்ட வட்டமாகச் சொந்தக்காரர் இருபது பேர் முகம். வெயிலில் வெளுத்துப்போனதும் புதிதாக ஒன்று அடித்து மாற்றியவனும் நான்தான். போன வாரம் பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், காவேரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் இறங்கியபிறகு அவளை நிறுத்தி, உனக்கும் என் மகளுக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டேன். அழுதுவிட்டாள். உள்ளே போய் பஞ்ச் பண்ண அவளுக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது, அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவள்மேல் கோபப்படாதே.

உன் புரொபசர் உன்னை நாலாவது வருஷத்தில் விட்டுவிட்டு வேறு யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டாராமே. மற்றவர்களிடம் போய் நின்றால் எல்லோரும் ஆராய்ச்சிக்குக் கிராண்ட் பணம் இல்லை என்கிறார்களாம், மே மாதத்துக்குள் யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் பிஎச்.டி. இல்லாமல் எம்.எஸ். பட்டத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். ஐம்பதாயிரம் பேர் படிக்கிற அந்த அரசாங்க யுனிவர்சிட்டியில் நீ இரண்டு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை என்றாள். வாரத்துக்கு நூற்றிருபது லேப் ரிப்போர்ட் திருத்திவிட்டு, அதற்குமேல் உன் ஆராய்ச்சியைப் பார்க்கிறாய், கடைவாய்ப் பல் வலியை இரண்டு மாதமாக மாத்திரையில் ஓட்டுகிறாய் என்றாள். இதெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டேன். “அந்த பேனரு அங்க கீற வரைக்கும் நான் ஊருக்கு வர மாட்டேன்டி” என்று நீ அவளிடம் சொன்னாயாமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் கல்யாணத்துக்கு லேபில் லீவு இல்லை என்று நீ சொன்னதை நாங்கள் நம்பிக்கொண்டு இருந்தோம்.

தப்பு என்னுடையது. பிஎச்.டி. நடுவில் வைக்கிற அந்தப் பரீட்சையில் பாஸ் என்று நீ சொன்னபோதே இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது என்றும் சொன்னாய், எனக்கு நன்றாகப் புரிந்தது. பேனர் அடிக்கிற மாரிகூடக் கேட்டான், “இன்னும் முடிக்கலயே சார், டாக்டர்னு போட்லாமா” என்று. எப்படியும் வாங்கத்தானே போகிறாள், போடு என்றேன். பேனரின் போட்டோவைப் பார்த்த அன்றைக்கே நீ போன் செய்து எடுத்துவிடச் சொன்னாய், கட்டியதை அவிழ்த்தால் அபசகுனம் என்று உன் வாயை அடைத்தேன். அதற்குப்பிறகு நீ படிப்பைப் பற்றி எங்களிடம் பேசவே இல்லை, இப்போது யோசித்தால் தெரிகிறது. எட்டாவதோடு நின்றவன், ஊரில் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்க ஆசைப்பட்டேன். அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஏணி போட்டு நானே கயிற்றை அறுத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், இன்னா சபாபதி, இன்னா ஆச்சு என்று. “அவ இன்னும் படிச்சிகினுதான் கீறா, நான்தான் அவசரப்பட்டு வெச்சிட்டேன்” என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றே நாளில் அதே இடத்தில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து பேனர் வந்துவிட்டது. ஊர் அவ்வளவுதான்மா, இதற்குப் பயந்தா நீ பல் வலியோடு அங்கே தனியாகக் கிடந்தாய்? பேனர் இப்போது பின்பக்கம் விறகின்மேல் கிடக்கிறது, உன் முகம் நனையக்கூடாது என்று அம்மா உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

வேறு புரொபசர் கிடைத்து அங்கே இருந்தாலும் சரி, எம்.எஸ்ஸோடு கிளம்பி வந்தாலும் சரி, அதை நீ முடிவு செய், நான் குறுக்கே வரமாட்டேன். கல்யாணம் தை மாதம். தாலியில் முதல் முடிச்சு ஜெகதீஷ் போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, நீ போட வேண்டியது. உனக்குப் பதிலாக உன் பெரியப்பா மகளை நிற்க வைக்கலாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள், என் பெண் வருவாள் என்று அம்மா சொல்லிவிட்டாள். இங்கே வந்தால் திரும்பப் போக விசா சிக்கல் வரும் என்றால் அதைச் சொல், ஏற்றுக்கொள்கிறோம். எங்களிடம் சொல்வதற்காக ஒரு காரணத்தைத் தேடாதே.

முதலில் பல்லை டாக்டரிடம் காட்டு. ஒருவேளையாவது சூடாகச் சோறு வடித்துச் சாப்பிடு. காஞ்சி காமாட்சி உன் பக்கத்தில் இருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் இந்தப் பத்திரிகை புரூஃபைப் பார். அச்சகத்தில் பேனரில் இருந்ததுபோலவே உன் பேருக்கு முன்னால் Dr. என்று போட்டு வைத்திருந்தார்கள், நான் அதைப் பேனாவால் கோடு போட்டு அடித்திருக்கிறேன். இப்போது வேல்விழி என்று மட்டும்தான் இருக்கிறது. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதையும் அச்சடிக்கமாட்டேன், சரி என்று நீ சொன்னபிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ந. சபாபதி