அமெரிக்காக்காரன் ஓட்டும் அல் ஐனுக்கு வராத நீங்களும்

சண்டை பாதியில் நிற்கும்போதே எழுந்து போய்விட்ட என் பிரியமான ஷெரின் அப்பாவுக்கு,

பிரியமான என்று எழுதிவிட்டேன் என்பதற்காக இளகிவிட வேண்டாம். இங்கே எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்தின் ஆண்டு மலருக்கு உங்கள் படத்தோடு நாலு வரி கேட்டார்கள். உங்கள் புன்னகை மறையாது, நீங்காத நினைவுகளுடன் என்கிற மாதிரி. எனக்கு அது வரவில்லை. வருவதெல்லாம் வசவுதான். இடம் தந்தால் திட்டித்தான் எழுதுவேன், சம்மதமென்றால் போடுங்கள் என்றேன். பொறுப்பாளர் சரி என்றார்.

முதலில் வீட்டுச் சேதி. ஷெரின் என் தோளுக்கு வந்துவிட்டாள். என்னை டயாலிசிஸ் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. நீங்கள் வந்தால் படுப்பதற்கென்று வாங்கிய கட்டிலைத் துணி மடித்துப் போட வைத்துக்கொண்டோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. உங்கள் பெயர் அந்தோணி, சவுதியில் ஜுபைலில் பெட்ரோ கெமிக்கல் பிளான்ட்டில் ஆபரேட்டர். நான் எமிரேட்ஸில், அல் ஐனில் நர்ஸ். கல்யாணம் ஒன்று, நாடு இரண்டு. பிள்ளை என்னோடு. லீவு கிடைத்தால் குளச்சலில் பார்த்துக்கொள்வோம், மற்ற நாளெல்லாம் போன்தான். டியூட்டி முடிந்ததும் வீடியோவில் வருவீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அமெரிக்காவுக்குப் போய்விடுவீர்கள்.

உங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. விளையாட்டு என்றா சொல்கிறேன், பைத்தியம். அமெரிக்கத் தேர்தல் ஒவ்வொன்றையும் எடுத்து, தோற்றவரை ஜெயிக்க வைத்து, அதிலிருந்து உலகத்தைப் புதிதாக ஓட்டிப் பார்ப்பது. "அந்த ப்ளோரிடாவில மட்டும் ஒழுங்கா எண்ணியிருந்தா, கேட்டியா..." என்று தொடங்குவீர்கள். எண்ணியிருந்தால் வேறு ஆள் வந்திருப்பார். ஈராக் போர் வந்திருக்காது. போர் வருகிறதென்று உங்களை ஊருக்கு அனுப்பிய குவைத் கம்பெனி அனுப்பியிருக்காது. நீங்கள் அங்கேயே சூப்பர்வைசர் ஆகியிருப்பீர்கள். அப்படியானால் நமக்குக் கல்யாணமே நடந்திருக்காது, நீ மார்த்தாண்டத்தில் ஏதாவது ஒரு வாத்தியாரைக் கட்டியிருப்பாய் என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்த வாத்தியாராவது சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார் என்றேன். அன்று உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு அம்மா நின்று தோற்ற தேர்தலுக்கும் ஒரு உலகம். அந்த அம்மா ஜெயித்திருந்தால் ஈரான் என்ன செய்திருக்கும், சவுதி என்ன செய்திருக்கும், எண்ணெய் எங்கே நின்றிருக்கும், உங்கள் கேம்ப்பில் யாருக்கு வேலை போகாமல் இருந்திருக்கும். டீ நேரத்தில் உங்களைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். ஒவ்வொருவனுக்கும் அவன் வாழாத வாழ்க்கை ஒன்றைக் கணித்துக் கொடுப்பீர்களாம். கூட ஓட்டு வாங்கினவர் தோற்றுப்போகிற ஒரு ஊர்க் கணக்கில் உங்களுக்கு என்ன அத்தனை அக்கறை? குளச்சலில் உங்களுக்கென்று ஒரு ஓட்டு இருந்ததே, அதை என்றைக்காவது போய்ப் போட்டீர்களா?

சரி, ஊரில் எத்தனையோ ஆண்களுக்கு எத்தனையோ கிறுக்கு, குடிக்காமல் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். ஆனால் போன தேர்தலில் அந்தக் கிறுக்கு என் வீட்டுக்குள் வந்துவிட்டது.

உங்களை என் ஸ்பான்சர்ஷிப்பில், என் பொறுப்பில் விசா எடுத்து இங்கே அழைத்துக்கொள்ள நான் எல்லாம் செய்து முடித்திருந்தேன். ஆஸ்பத்திரி ஆபீஸில் நின்றது நான், விசாத் தாள் அடிக்கிற டைப்பிங் சென்டரில் நின்றது நான். நீங்கள் ராஜினாமா கொடுத்துவிட்டு ஏற வேண்டியதுதான் பாக்கி. வந்து நிதானமாக வேலை தேடலாம், அதுவரை என் சம்பளம் இருக்கிறது. நீங்களோ நவம்பர் முடியட்டும் என்றீர்கள். தரையைத் தோண்டி எண்ணெயாக எடுத்துத் தள்ளுவேன் என்கிறவர் ஜெயித்தால் விலை விழும், ஜுபைலில் புது வேலை நிற்கும், கையில் இருப்பதை விட்டவனுக்குத் திரும்பக் கிடைக்காது. அவர் தோற்றால் மறுநாளே ராஜினாமா. இதுதான் உங்கள் கணக்கு. வளைகுடாவில் பாதிப் பேர் இப்படித்தான் லீவையும் கல்யாணத்தையும் வீட்டுக்கு மேல்தளம் போடுவதையும் எண்ணெய் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள் என்பதால் நானும் நம்பினேன்.

ரிசல்ட் வந்த அன்று போனில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "சவம், போச்சு. அடுத்த வருஷம் பாப்போம்" என்றீர்கள். போனை ஷெரினிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு கேட்டேன், நீங்கள் அவளிடம் சொன்னதை.

"அந்தாளு தோத்திருந்தா அப்பா கிறிஸ்மஸுக்கு உன்கூட இருந்திருப்பேன், மக்ளே."

என்னிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிள்ளையிடம் ஏன் அதைச் சொன்னீர்கள்?

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் ரூமில் இருந்த ராமநாதபுரம் முருகேசன் எனக்குப் போன் செய்தபோது நான் ஒரு பெரியவருக்கு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்குகிறது என்று அதற்கு முந்தைய வாரம்கூட நீங்கள் சொல்லவில்லை. இங்கே என் பக்கத்தில் இருந்திருந்தால் படி ஏறும்போதே நான் கண்டுபிடித்திருப்பேன். இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்திருப்பேன். பார்த்தீர்களா, நானும் ஆரம்பித்துவிட்டேன். உங்கள் பைத்தியத்தை எனக்குச் சொத்தாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் சவப்பெட்டியோடு கூட வந்தது முருகேசன்தான். குளச்சலில் அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் வந்து நின்றார். ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது என்றார். ஒருநாள் ரூமில் எல்லோரும் உங்களைக் கேலி செய்தார்களாம். இந்த நாடுகளில் ஒரு ஆள் இருக்க வேண்டுமானால் அவனுக்குப் பொறுப்பேற்க ஒரு கஃபீல் வேண்டும், அவன் அடையாளக் கார்டிலும் அந்தக் கஃபீல் பெயர் இருக்கும். அந்தோணிக்கு இனிமேல் பெண்டாட்டிதான் கஃபீல், லீவு வேண்டுமானால் கை கட்டி நிற்க வேண்டும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள் என்று. நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்களாம். அன்று மெஸ்ஸுக்குச் சாப்பிட வரவில்லையாம்.

"எலெக்‌ஷன்லாம் ஒரு சாக்கு மதினி," என்றார் முருகேசன். "அந்தாளு தோத்திருந்தாலும் அண்ணன் வேற ஏதாச்சும் சொல்லியிருப்பாக. பொஞ்சாதி பேர் போட்ட கார்ட எப்படிடா பைக்குள்ள வச்சிக்கிட்டு நடக்கிறதுன்னு என்கிட்ட கேட்டாக."

மனுஷா, இத்தனை வருஷமும் முகமே பார்த்திராத ஒரு முதலாளியின் பெயர் போட்ட கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதானே நடந்தீர்கள். அது கனக்கவில்லை. உங்கள் பிள்ளையைப் பெற்றவள் பெயர் கனத்துவிட்டதா? என்னோடு சண்டை போட்டிருக்கலாமே. எனக்கு இது பிடிக்கவில்லை ஜெசிந்தா என்று ஒருநாள் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு முழு நாட்டின் தேர்தலையே கொண்டுவந்து நம் நடுவில் படுக்க வைத்தீர்கள்.

முருகேசன் சொன்னதை ஷெரினிடம் சொல்வதில்லை என்று இருந்தேன். செத்தவரைப் பற்றி எதற்கு என்றுதான். ஆனால் நீங்கள் அவளிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் கிடந்து வளர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கட்டிடத்தில் கீழ் வீட்டில் ஒரு அமெரிக்கக் குடும்பம் இருக்கிறது. அந்த அம்மா இங்கே பள்ளிக்கூட டீச்சர். மகள் எமிலி ஷெரினின் வயது. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் சுற்றியவர்கள், நீச்சல் குளத்தில் கிடந்தவர்கள். நீங்கள் போன பிறகு அவள் எமிலியோடு பேசுவதைக் குறைத்தது எனக்குத் தெரியும். துக்கம் என்று நினைத்தேன். போன மாதம் எமிலியின் பிறந்தநாள். நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். கேக் வெட்டுகிற நேரத்தில், எல்லாப் பிள்ளைகளும் நிற்கையில், உங்கள் மகள் அந்தப் பெண்ணைப் பார்த்து, உங்கள் ஆட்கள்தான் என் அப்பாவைக் கொன்றார்கள் என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். நீங்கள் ஓட்டுப் போட்டதால்தான் அவர் வரவில்லை, வராததால்தான் செத்தார் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறாள்.

அந்தம்மா மேலே வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்று, கண் கலங்கி, நான் இந்தத் தடவை ஓட்டே போடவில்லை, தபால் ஓட்டுச் சீட்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றார். என்னிடம் எதற்கு அந்த விளக்கம்? பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லியிருப்பார். ஷெரின் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினதும், "பாத்தீங்களா, அவங்க போட்டிருக்கலாம்ல" என்றாள்.

அப்படியே உங்கள் முகம். உங்கள் குரல்.

கீழே எமிலி அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். அவள் அமெரிக்காவையே வெறுக்கட்டும் என்று விட்டுவிடலாம். பெரிய நாடு, ஒரு பிள்ளையின் கோபத்தில் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவளுக்கும் அப்பா வர ஆசைப்பட்டார், யாரோ தடுத்துவிட்டார்கள் என்று ஒரு நல்ல அப்பா மிஞ்சுவார். உண்மையைச் சொன்னால் எமிலி தப்பிப்பாள். ஆனால் தன் அப்பா வர முடிந்தும் வரவில்லை என்பதை இவள் சுமக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை எடு என்று என்னைத் தனியாக நிறுத்திவிட்டு நீங்கள் அங்கே மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள். அன்றைக்கு உங்களை நான் வெறுத்தேன். ஆமாம், வெறுத்தேன். எழுதுகிறேன், அச்சில் வரட்டும்.

மறுநாள் அவளைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்று காரில் ஏற்றினேன். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏ.சி.யை ஓடவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். அப்பா வந்திருக்கலாம் என்றேன். யார் ஜெயித்தாலும் வந்திருக்கலாம். டிக்கெட் வரைக்கும் தயாராக இருந்தது. அவள் முன்னால் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, அப்பாவுக்கு நம்மகூட இருக்க வேண்டாமா?"

"வேணும் மக்ளே. ரொம்ப வேணும். என் பேர்ல வந்து இருக்கத்தான் வெக்கம். ஆளுங்க சிரிப்பாங்கன்னு."

அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா. நான் சிரிச்சிருக்க மாட்டேன்."

கேட்டீர்களா? உங்கள் கேம்ப்பில் சிரித்தவர்களையெல்லாம் கணக்கில் எடுத்தீர்கள். அமெரிக்காவில் இத்தனை மாநிலத்தில் எவன் எவனுக்கு ஓட்டுப் போடுவான் என்று கணக்கு எடுத்தீர்கள். இந்த ஒருத்தியிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு. நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன், நீங்கள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவள்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளாகவே கீழே போனாள். எமிலியிடம் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இப்போது பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அடுத்த தேர்தலும் வரும். யாரோ ஜெயிப்பார்கள், யாரோ தோற்பார்கள், இங்கே டீக்கடையில் ஆட்கள் உட்கார்ந்து எண்ணெய் விலை பேசுவார்கள். உங்களுக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் மகளிடம் இனி உங்களை நல்லவராக்குவதற்காக ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், கெட்டவராக்கவும் சொல்ல மாட்டேன். பாசக்காரர், வாயாடி, பயந்தாங்கொள்ளி என்று இருந்தபடியே சொல்லி வளர்ப்பேன். கிறிஸ்மஸ் லீவுக்குக் குளச்சல் வருகிறோம். கோபம் தீர்ந்திருந்தால் பூ கொண்டுவருகிறேன். தீராவிட்டாலும் கல்லறைக்கு வருவேன், வந்து திட்டுவேன். ஷெரின் பக்கத்தில் இருப்பாள், அதற்காகக் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மனைவி,
ஷெரினின் அம்மா,
ஜெசிந்தா