துணி போன திசை

பயமும் பாசமும் இன்னும் பிரியாமல் கிடக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடை இருக்கிறது. பாறசாலை ஜங்ஷனில் அதே இடம், அதே ஷட்டர். அண்ணன் நடத்துகிறான்.

உங்களை யாரும் கொல்லவில்லை. லாரியிலிருந்து இறக்கிய கண்ணாடித் தகடுகள் சட்டத்தில் நிற்காமல் உங்கள்மேல் சரிந்தன. ஆளுயரத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தான். அவன் இரண்டு கையிலும் ரத்தம். எது அவனுடையது, எது உங்களுடையது என்று தெரியவில்லை. நான் அழுதேன். எதற்காக அழுதேன் என்பது இன்றைக்கும் தெரியாது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாளை பத்தரை மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அண்ணன் தன் மனைவி ஷைனி மைனியின் கையை அடித்து ஒடித்துவிட்டான். அடிபட்டவளையும் அடித்தவனையும் தவிர அதைப் பார்த்தது நான் மட்டும்.

அதற்கு முன் என் வேலையைச் சொல்கிறேன். நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் சொல்வீர்கள்: “எனக்க மவ திருவனந்தபுரத்துல கண்ணாடி படிக்கா.” தவறில்லை. ஏறக்குறைய அதுதான்.

திரவப் படிகம் என்று ஒரு பொருள். டிவியிலும் போனிலும் இருப்பது. தண்ணீர்போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் சின்னக் குச்சிகளைப்போல ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும். வெளிச்சம் பட்டால் முழங்காலை மடக்குவதுபோல மடங்கும் வேறு சில மூலக்கூறுகளை அதில் கலக்கிறோம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே விட்டு, பாலிமராகக் கெட்டிப்படுத்தி, உரித்தெடுத்தால் ஒரு படலம். தலைமுடியைவிட மெல்லியது. புற ஊதா வெளிச்சம் பட்டதும் வளையும். வேறொரு நிற வெளிச்சத்தில் நிமிரும். மோட்டார் கிடையாது. கம்பி கிடையாது.

எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

கண்ணாடிதான். கண்ணாடிமேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அதை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்ப்போம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மேலே வந்து விழும் குச்சிகள், துணி போன திசையிலேயே படுக்கும். கண்ணாடியைத் தொடும் முதல் வரிசை படுத்தால் அதைப் பார்த்து அடுத்த வரிசை. அதைப் பார்த்து அதற்கடுத்தது. கெட்டிப்படுத்துவதற்கு முன் சூடாக்கினால் எல்லா வரிசையும் கலைந்துபோகும். ஆறவிட்டால் மறுபடி அதே திசை. தேய்த்த கண்ணாடி மறப்பதில்லை.

முதல் ஆறு மாதம் என் படலம் ஒன்றுகூட ஒழுங்காக வளையவில்லை. வெளிச்சம் பட்டதும் முறுக்கிக்கொண்டது, கழுத்தைத் திருகியதுபோல. கலவையை மாற்றினேன். விளக்கை மாற்றினேன். என்னோடு ஆராய்ச்சி செய்யும் நிஷா, நெய்யாற்றின்கரைக்காரி, தினமும் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். “எடீ, நின்டெ ஃபிலிமினு அனுசரண தீரெ இல்லல்லோ!” சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்கிறதே என்று.

கடைசியில் அவள்தான் நான் வேலை செய்வதை போனில் படம் பிடித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நீளவாக்கில் தேய்க்கிறேன். சரி. கண்ணாடியைக் கீழே வைக்கிறேன். சரி. ஜோடி சேர்ப்பதற்குச் சற்று முன், நிஷாவோடு பேசிக்கொண்டே, என் இடது கை கோட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுக்கிறது. கண்ணாடியைக் குறுக்கே, மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பில் துடைக்கிறது. துணி மறுபடி பைக்குள். அப்படி ஒன்றைச் செய்தேன் என்றே எனக்குத் தெரியாது.

“இது எந்தினா?” என்றாள் நிஷா.

எதற்கா? “ஆளுட்ட குடுக்கதுக்கு மின்ன ஒரு தொட. இல்லேங்கி மோந்தைக்கு ஒண்ணு.” துடைக்காமல் கொடுத்தால் முகத்தில் ஓர் அறை: உங்கள் கடையின் சட்டம். எட்டு வயதில் என் கைக்குள் போனது. ஒவ்வொரு கண்ணாடியையும் நான் இன்னும் உங்களிடம்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், அப்பா. அந்த ஒரு துடைப்பு போதும், பூச்சில் இரண்டாவது திசை விழுந்துவிட. படலம் என்ன செய்யும்? ஒரே நேரத்தில் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் முறுக்கத்தானே செய்யும்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நிஷா “தா, இவிடெ” என்று நான் துடைத்த இடத்தைக் காட்டக் கண்ணாடிமேல் விரலை வைத்தாள்.

என் கை உயர்ந்தது. அவள் கன்னத்தின் உயரத்துக்கு. நின்றது. அவள் சிரிப்பும் நின்றது. குளியலறைக்குப் போய் அந்தக் கையைச் சுவரில் அடித்தேன். விரல் முட்டி கிழியும்வரை.

விரல் படக் கூடாது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? நிலைக்கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். “யாருக்க வெரலுட்டி இது?” என்னைப் பார்த்துத்தான் கேட்டீர்கள். “எனக்க” என்றான் அண்ணன். பொய். கண்ணாடி அளக்கும் மரக்கோல் வந்தது. அப்படியும் நீங்கள் என் பக்கம் திரும்பியபோது அவன் என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அடி விழும்போதெல்லாம் அவன் பல் என் தலையில் இடித்தது. அடியை நான் எண்ணியதே அப்படித்தான்.

அம்மா குறுக்கே வந்தாள். அப்போது உங்கள் கையில் இருந்தது கோல் அல்ல, வெட்டி மீந்த துண்டுக் கண்ணாடி.

ஆட்டோவில் அம்மாவின் முழங்கையில் துண்டைச் சுற்றிப் பிடித்தபடி என்னிடம் கேட்டீர்கள். “டாக்டர்ட்ட என்ன செல்லுவ மக்கா?”

“கண்ணாடி விழுந்துது.”

திரும்பி வரும்போது எனக்கு நன்னாரி சர்பத் வாங்கித் தந்தீர்கள். இனிப்பாக இருந்தது. அது இனிப்பாக இருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி, மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். ஆரியங்கோட்டு வீடு ஒன்றுக்காக வெட்டிய கண்ணாடி ஜன்னலில் சேரவில்லை என்று திரும்பி வந்திருந்தது. அண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். அளவு எழுதியது மைனி.

“எட்டி, ஒனக்கு அளவெடுக்கத் தெரியுமாட்டி?”

“ஒங்களுக்கு வாசிக்கத் தெரியுமா? நான் நாலுன்னு எழுதினத ஒம்பதுன்னு வாசிச்சு வெட்டினா, அதுக்கும் நானா?”

நான் கதவருகில் நின்றேன். சிரிப்பு வந்தது. அண்ணன் கண்ணாடியை மெதுவாகச் சுவரில் சாய்த்தான். வழுக்காமலிருக்க அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தான். பிறகு கோலை எடுத்தான்.

முதல் அடி தோளில். இரண்டாவதற்கு அவள் கையைத் தூக்கினாள். காய்ந்த ரப்பர் மரக் கம்பு ஒடிவதுபோல ஒரு சத்தம். அவன் நிறுத்தவில்லை. விழுந்தவளின் முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, மறுபடி முதுகில் ஒன்று. அவள் வாயிலிருந்து சொல் வரவில்லை, மூச்சு மட்டும். அவன் தலை தூக்கி என்னைப் பார்த்தான்.

“நீ உள்ள போ.”

போனேன். இருபத்தெட்டு வயது எனக்கு. உள்ளே போய் நின்றேன், அப்பா.

ஆஸ்பத்திரியில் அம்மா பேசினாள். “படியில வழுக்கி விழுந்தா.” டாக்டர் என்னைப் பார்த்தார். “வீணதாணோ?” விழுந்ததுதானா என்று. மைனியும் என்னைப் பார்த்தாள். என் வாய் திறக்கவில்லை. புகார் கொடுத்தது பிறகு மைனியின் அண்ணன்தான்.

கோட்டுகாலில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள் மைனி. போன வாரம் போனேன். கையில் மாவுக்கட்டு. என்ன பேசுவதென்று தெரியாமல் தெரிந்ததைப் பேசினேன். கண்ணாடி, துணி, திசை எல்லாம். “அண்ணன் கெட்டவன் இல்ல மைனி. சின்னதுலேந்து கண்டது அவனுக்குள்ள பதிஞ்சு கெடக்கு.”

கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

“ஒனக்கு எங்க போச்சு அந்தப் பதிவு? நீயும் அந்த வீட்டுலதானே கெடந்த? நீ யாருக்க கைய ஒடிச்ச, ஜீனா?”

“அப்படி இல்ல மைனி...”

“பின்ன எப்படி? அவன் அந்தக் கண்ணாடிய என்ன செய்தான்? நீ பாத்தியா, இல்லியா?”

பார்த்தேன்.

“கோவத்துல கண்ணு தெரியாதவனா சாக்கு மடிச்சு வைப்பான்? அதுக்கு ஒரு கீறல் விழக் கூடாது. எனக்கு விழலாம். அவனுக்கு அவ்வளவு தெளிவு உண்டு. ஒனக்க படிப்ப எடுத்துட்டுப் போ மக்கா. இங்க கொண்டு வராத.”

பஸ்ஸில் திரும்பும்போது அதுவே ஓடியது. படலத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. வெளிச்சம் பட்டால் வளைந்தே ஆக வேண்டும். சாக்கு மடிக்க அதற்கு நேரமில்லை. அண்ணனுக்கு இருந்தது. நிஷாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் எனக்கும் இருந்தது.

நீங்கள்? யோசித்துப் பார்த்தேன். நீங்களும் வைத்தீர்கள். கண்ணாடியை எப்போதும் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தீர்கள். ஒருமுறையும் ஒன்றும் உடைந்ததில்லை. இதை இத்தனை வருடம் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சாப்பிடும்போதும் விடுவதில்லை. “ஒரு வாக்குல அவனுக்க வாழ்வு போவும். விழுந்தான்னு செல்லு மக்கா. நான் எத்தற வாட்டி செல்லியிருக்கேன்.”

“செல்லி என்ன கிட்டிச்சும்மா?”

“நீங்க ரெண்டு பேரும் வளந்தீங்க.”

கண்ணாடியிலிருந்து உரிக்காத படலத்தின்மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்திருக்கிறேன். வளையாது. உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

இன்று காலை ரயிலுக்கு நின்றிருந்தேன். பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டான் அண்ணன். சவரம் செய்யவில்லை. மெலிந்திருந்தான்.

“செல்லப் போறியா?”

அத்தனை பேருக்கு முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றான். தழும்புகள் வெளுத்து, தோலோடு வளர்ந்து அகன்றிருந்தன.

“நல்லாப் பாரு. இதெல்லாம் ஒனக்கு விழ வேண்டியதாக்கும். ஓர்ம உண்டா?”

“உண்டு.”

“பின்ன?”

ரயில் வந்தது. ஏறினேன். அவன் சட்டையை இறக்கவே இல்லை. நெய்யாற்றின்கரை தாண்டும்வரை நான் உட்காரவும் இல்லை. அவன் சொன்னது உண்மை. மைனியின் எலும்பு ஒடிந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கச் சொல்கிறான். முடியவில்லை, அப்பா. நாள் முழுவதும் முயன்று பார்த்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் மலையாளத்தில் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அடி விழுந்ததெல்லாம் தமிழில். மொழி மாறும்போது ஏதாவது சிந்திவிடுமோ என்று பயந்துதான் முதலில் உங்களுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை முற்றத்தில் நடந்ததை விழுந்த வரிசையில் சொல்வேன். தோள், கை, முதுகு, தொடை, முதுகு. சாக்கையும் சொல்வேன். நான் உள்ளே போனதையும் ஆஸ்பத்திரியில் வாய் மூடி நின்றதையும் சொல்வேன். அண்ணனின் முதுகைப் பற்றியும் சொல்வேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்பார்கள். எழுதச் சொல்லிக் கேட்பேன்.

முடிந்ததும் வாசித்துக் காட்டுவார்கள். அடியில் என் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயருக்கென்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதை வேறு யாரும் எழுத விடமாட்டேன். என் கையாலேயே எழுதுவேன். முழுப் பெயரும்.

உங்கள் மகள்,
அவன் தங்கை,
ஜீனா