ஆல்பின் வண்டியில் கழன்ற பெல்ட்

அன்பு மகள் டெபோராவுக்கு, கனகம்மாசத்திரம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் உட்கார்ந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எனக்கு உடம்புக்குக் குறைவில்லை, நீயும் அயர்லாந்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்த பகலில் நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் என் ஜெபம். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன் கண்ணு, நீயும் களைத்துப்போய் இருக்கிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஒருவழியாக ஓய்ந்தது. காவடி கட்டிக்கொண்டு வந்த வேன்களில் பாதி விளக்கு எரியாமலும் பாட்டரி இறங்கியும் நம் கடை வாசலில்தான் நின்றன. எனக்கும் வேலைக்கு வரும் தணிகைவேலுக்கும் சாப்பிட நேரமில்லை. எவாஞ்சலின் அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தை வீணாகிவிடும் என்று பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார், தேய்க்கச் சொல்லி நீதான் சத்தம் போட வேண்டும். கே.ஜி.கண்டிகை வீட்டின் பின்பக்கம் ஒழுகிக்கொண்டிருந்ததை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆல்பின் என்று ஒருவரைப் பற்றி உன்னிடம் ஒருமுறை சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்காது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், திருத்தணியில் தனியாக இருக்கிறார், மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நம்மைப் போல சி.எஸ்.ஐ. சபை இல்லை, ஆர்.சி., கத்தோலிக்கர். அவர் ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கிறார். வாங்கவில்லை, கட்டுகிறார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இரும்புக் குழாயில் செய்த அடிச்சட்டமும் பைபர் உடம்பும் தனித்தனியாக லாரியில் வந்தன, என்ஜினைப் பழைய ஆம்னி வண்டியிலிருந்து கழற்றி வைத்தார். திருவாலங்காட்டில் அவருடைய தம்பியின் கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில்தான் வேலை நடக்கிறது. அந்த வண்டிக்கு நம்பர் வாங்குவது லேசில்லை, அதனால் தோட்டத்து வண்டிப் பாதையில் மட்டும்தான் ஓட்ட முடியும். இந்த வயதில் எதற்கு இது என்று கேட்டேன். "ஊரு ஜனம் போற வண்டியவே பாத்துகினு இருந்தேன்மா, எனக்குன்னு ஒண்ணு செஞ்சு பாக்கணும்னு ஆசை" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவர் நம் கடைக்கு வந்தது ஆல்டர்னேட்டருக்காக. பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்த உருண்டை, ஆம்னியில் இருந்த இடத்திலேயே இருந்தால் இந்தச் சட்டத்தின் குழாய் அதில் இடிக்கிறது. என்ஜினுக்கு மறுபக்கம் மேலே தூக்கி மாட்ட வேண்டும், அதைத் தாங்குவதற்குப் புதிதாக ஒரு பிராக்கெட் செய்ய வேண்டும். தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப்பும் கசிந்துகொண்டிருந்தது, அதையும் புதிதாக மாற்றினோம். எல்லாவற்றையும் சுற்றுவது ஒரே பெல்ட், ஆகவே என்ஜின், பம்ப், ஆல்டர்னேட்டர் மூன்றிலும் பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கடை மூடும் நாளில் நான் திருவாலங்காடு போய் வருவேன். அவர் பேசாமல் வேலை செய்கிறவர், நானும் அப்படித்தான். நடுவில் தேங்காய் பன் கொண்டுவருவார், பிளாஸ்கில் டீ இருக்கும். உன் நைனா கர்த்தரிடம் போனபிறகு அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்து மனம் லேசாக இருந்தது எனக்கு அங்கேதான். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிராக்கெட்டை வெல்டிங் பட்டறையில் செய்து, இரும்பு ஸ்கேல் வைத்துக் கோடு பார்த்து நான்தான் மாட்டினேன். முதல் ஓட்டத்துக்கு என்னையும் உட்காரச் சொன்னார். கிளம்பியதுமே பெல்ட் கீச்சென்று கத்தியது. புது பெல்ட், கொஞ்சம் ஓடினால் அடங்கிவிடும் என்று நான் சொன்னேன். அவர் நம்பி ஓட்டினார். இரண்டு பக்கமும் கரும்பு உயர்ந்து நிற்கிற இடத்தில் திடீரென்று சத்தம் நின்றது, அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார், பார்த்தால் முன்னால் பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிகிறது. பெல்ட் கழன்றுவிட்டது, அப்படியானால் தண்ணீரும் ஓடவில்லை. நிறுத்துங்க என்று கத்தினேன், அவர் நிறுத்துவதற்குள் முன்பக்கம் புகை போல ஆவி கிளம்பிவிட்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. இறங்கிவந்து, "சூடா இருக்குது, மூடிய தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

என்ஜின் ஆறுகிறவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரும்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த கௌரியம்மாள் என்ற பெண் ஆவியைப் பார்த்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். இப்போது ஊற்றக்கூடாது, ஆறட்டும் என்றேன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, உன் வூட்டுக்காரரு வெயில்ல நின்னுகினு இருக்காரு, இப்படி நெழலுக்கு வரச் சொல்லக்கூடாதா" என்றாள். அவர் காதில் விழுந்துவிட்டது. "இல்லம்மா, அவங்க நம்ம மெக்கானிக்கு" என்றார் அவசரமாக. அவள் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். நான் பையைத் திறந்து ஸ்பேனர்களை எடுத்து அடுக்கினேன். அப்புறம் அவர்தான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "கிருபாம்மா, மெக்கானிக்குன்னு சொன்னனே, சொல்லும்போதே எனக்குப் பொய் மாதிரி இருந்துச்சு. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? உங்களுக்கு இஷ்டமில்லன்னா இதோட விட்டுடலாம், வண்டி வேலை வண்டி வேலையா நடக்கட்டும்" என்றார். மொதல்ல பெல்ட்ட மாட்டலாம் சார் என்றேன். சொல்லிவிட்டு மூடியைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது.

பார்த்தால் தப்பு என்னுடையதுதான். போல்ட் தளர்வாக இருக்கும்போது கோடு பார்த்திருக்கிறேன், முறுக்கியதும் பிராக்கெட் உள்ளே இழுத்துக்கொண்டது. பையில் இருந்த வாஷர்களை இடையில் அணையாக வைத்து, பெல்ட்டை மாட்டி, தண்ணீரை மெல்ல ஊற்றி, மாட்டுவண்டி வேகத்தில் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். வழியில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் நைனாவோடு வாழ்ந்த வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை டெபோரா, அவருக்கு ஈடாக ஒருவரைத் தேடவும் இல்லை. ஆனால் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து விளக்கைப் போட்டால், அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. உனக்கு அப்போது டியூட்டி, இல்லாவிட்டால் தூக்கம். நீ என்னை அங்கே வரச் சொல்கிறாய், அங்கே வந்து நான் உன் அறையில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் உன் அத்தையிடம் சொன்னேன். உன் நைனா ஜெபதாஸ் அவர் கூடப்பிறந்த தம்பி அல்லவா, அத்தைக்குத் தெரியாமல் எதுவும் செய்ய எனக்கு மனமில்லை. அத்தை அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ அவங்க பூசைக்குப் போவியா, அவரு நம்ம கோயிலுக்கு வருவாரா" என்று கேட்டார். அவரவர் கோயிலுக்கு அவரவர் என்றேன். "கடையில என் தம்பி பேரு போட்ட போர்டு?" என்றார். அது அப்படியே இருக்கும் அண்ணி, கடையும் நான்தான் நடத்துவேன் என்றேன். அப்புறம், "டெபோராவுக்கு நீயே சொல்லு. நான் சொல்லவும் மாட்டேன், அவ கேட்டா மறைக்கவும் மாட்டேன்" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது.

போன சனிக்கிழமை திருவாலங்காடு போய்ப் பிராக்கெட்டைப் புதிதாகச் செய்து மாட்டினோம். இந்த முறை முறுக்கியபிறகு கோடு பார்த்தேன். என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து கேட்டார், பெல்ட்டில் சத்தமே இல்லை. அப்போது நான், நீங்க கேட்டதுக்கு ஆங், சரின்னு வெச்சுக்குங்க என்றேன். என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லும்படி ஆகிவிட்டது, இரண்டாவது தடவை எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவர் என்ஜினை நிறுத்திவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார், கண் கலங்கியிருந்தது. டெபோராவுக்கு எழுதுங்க, அவ என்ன சொல்றான்னு பார்த்துட்டு மத்ததப் பேசலாம் என்றார்.

உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு, அழுகை வந்தால் அழு, மனதுக்குள் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை கண்ணு, என் மனதில் தீர்மானித்துவிட்டேன், அதை மறைத்து எழுதினால் அது பொய். ஆனால் நீ பக்கத்தில் நிற்காத கல்யாணத்தை நான் பண்ணிக்கொள்ள மாட்டேன். அதற்கு ஒரு வருஷம் ஆனாலும் சரி, அதற்கு மேல் ஆனாலும் சரி, நீ வருகிறேன் என்று சொல்கிற வரைக்கும் நம் சபை ஐயரிடம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்ல மாட்டேன். அவரிடமும் சொல்லிவிட்டேன், காத்திருப்போம் என்றார்.

லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவை. மழையில் நனையாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்
அம்மா,
கிருபா ஜெபதாஸ்