மிஸ் எழுதித் தந்த பச்சை மைத் தாள்கள்

என் அன்பு மிஸ்,

அம்மா நித்திரை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். தமிழில் கையால் எழுதிய எதையும் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் இப்போது ஒருவரும் வைத்திருப்பதில்லை.

கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் உங்கள் ஓர்கன் பூட்டியே கிடக்கிறது. பாடகர் குழு கீபோர்ட் ஒன்றை வைத்துச் சமாளிக்கிறது. கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பீர்கள்.

லண்டனிலும் ஜெர்மனியிலும் நீங்கள் வாசித்த பெரிய பெரிய தேவாலயங்களில் சனம் எழுந்து நின்று கைதட்டியதாம். நீங்களோ, "அவை கண்டது என்ர முதுகைத்தான் பிள்ளை" என்று சிரிப்பீர்கள். எல்லாரும் வெளிநாட்டுக்கு ஓடும்போது ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க ஓர்கனுக்கு ஆக்கள் இருக்கினம். இங்க ஓர்கன் மட்டும்தான் இருக்கு" என்றீர்கள். திரும்பி வந்த பிறகு நீங்களே ஒரு இசை எழுதினீர்கள். அதன் ஒரே பிரதியை, பழகச் சொல்லி, என்னிடம் தந்தீர்கள்.

மிஸ், அந்தத் தாள்கள் இல்லை. நான் கிழித்துவிட்டேன்.

அன்று பக்கத்து ஒழுங்கையை ஆமி சுற்றி வளைத்திருந்தது. அம்மா அலுமாரியைக் கவிழ்த்து, தமிழ்க் கடிதங்களை எல்லாம் கிழித்துக்கொண்டிருந்தார். உங்கள் தாள்களும் அவர் கையில் அகப்பட்டன. பச்சை மையில் வட்டம், கூரை போலக் கோடு, எட்டு, பதினாறு.

"என்னடி இது, ரகசியக் குறி மாதிரிக் கிடக்கு?"

"மிஸ்ஸின்ர மியூசிக் அம்மா. வட்டம் போட்ட இடத்தில ஓர்கன்ர கால்கட்டையைக் குதிக்காலால மிதிக்கவேணும். கூரை போட்ட இடத்தில கால் விரலால. எட்டு, பதினாறு எண்டது எந்தக் குழாயைத் திறக்கிறது எண்டதுக்கு."

"குதிக்கால் எண்டு ஆமிக்காரனுக்குச் சிங்களத்தில விளங்கப்படுத்துவியோ? அதுக்கிடையில உன்னை ஜீப்பில ஏத்திப்போடுவான்!"

அம்மா கிழிக்கவில்லை, மிஸ். என் கையில் தந்துவிட்டு வாசலுக்குப் போனார். பூட்ஸ் சத்தம் கேட்டது. நானேதான் துண்டு துண்டாகக் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

வந்தவர்கள் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஒருவர் மேசையில் கிடந்த என் அச்சடித்த இசைப் புத்தகத்தைப் புரட்டி, "மகே துவத் இகெனகன்னவா" என்றார். அவருடைய மகளும் இசை படிக்கிறாளாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவரிடம் காட்டியிருந்தால் விளங்கியிருக்குமோ? அல்லது அம்மா சொன்னது போலவே நடந்திருக்குமோ?

பிறகு நீங்கள் கேட்கும் போதெல்லாம் "மறந்திட்டன் மிஸ்" என்றேன். "அடுத்த கிழமை தலையையும் கழட்டி வீட்டில வைச்சிட்டு வா" என்று பகிடி விட்டீர்கள். ஓர்கனுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் உங்கள் கண்கள் என்னையே பார்த்தன. தெரிந்துதான் கேட்காமல் விட்டீர்களா? உண்மையைச் சொல்லியிருந்தால், ஞாபகத்தில் இருந்து திரும்ப எழுதியிருப்பீர்களே. உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோதும், வந்து பார்க்க எனக்கு முகம் இருக்கவில்லை. அந்தக் காய்ச்சலோடேயே போய்விட்டீர்கள்.

இன்று பின்னேரம் உங்கள் தங்கை திரேசா அன்ரி போன் எடுத்தார். "மகள், அக்கா எழுதின தாள் உன்னட்டைத்தானே? நாளைக்கு விடிய முப்பத்தோராம் நாள் பூசை. நீதான் அதை வாசிக்கவேணும்."

"ஓம் அன்ரி" என்றேன். நீங்கள் செத்த பிறகும் உங்களிடம் பொய் சொன்னது போல இருந்தது.

முதல் பாதி எனக்கு மனப்பாடம். இரண்டாம் பாதியை நான் தொடங்கவே இல்லை. அது இனி உலகத்தில் எங்கும் இல்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு வருவேன். பூசைக்கு முன்பே அன்ரியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகும் என்னை ஓர்கனில் இருக்கவிட்டால், தெரிந்தவரை வாசிப்பேன். பாதியில் கையையும் காலையும் எடுத்துவிடுவேன். சொந்தமாக ஒரு சுரம்கூடச் சேர்த்து முடித்துவைக்க மாட்டேன். நீங்கள் எழுதியதில் மிச்சம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியட்டும். இது சத்தியம், மிஸ்.

மன்னிப்புக் கேட்கவும் பயப்படும்,
உங்கள் பெறாமகள்